கிராம்பு எண்ணெய் மிதக்கிறதா? முதலில் ஐஸைப் பாருங்கள்
மீன் சீக்கிரம் கெடாமலிருக்க அதன்மேல் பூசும் கைட்டோசான் (ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொருள்) பூச்சில் கிராம்பு எண்ணெய் கலக்காமல் மிதக்கிறது, அயிலை மீன் மூன்றாம் நாளே வாடை அடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது. 1 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, கட்டியில்லாமல் கரையும்வரை கலக்குங்கள். எண்ணெயோடு உணவுத் தரப் பாலிசார்பேட் 80 (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள்) கொஞ்சம் சேர்த்து நன்றாக அடித்தால் சீராகப் பரவும். எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள், மீன் வாசமே போய்விடும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. மீனை ஐஸில் வைக்க எவ்வளவு நேரமானது? அயிலை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சுத்தன்மை தரும் பொருள் உருவாகிவிடும்; பூச்சும் சரி, சமையலும் சரி, அதைப் போக்காது. பிடித்ததும் ஐஸ், குடல் நீக்கிக் கழுவி அப்புறம் பூச்சு, மறுபடி 0 டிகிரியை ஒட்டிய குளிர்.

இன்னொன்று, கைட்டோசானைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கினால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.