150 பொருள் பெட்டியா, ஒரு டப்பா கிரேயானா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவள் கையிலிருந்து போனை வாங்கி வைத்தால் வீடே இரண்டாகிறது. வரைவதில் பழக்கலாம் என்று தேடினால், 150 பொருள் அடங்கிய ஆர்ட் கிட் ஒன்று தள்ளுபடி போக 1,299 ரூபாய் என்று வருகிறது. வாங்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: வேண்டாம். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி, அந்த 150 எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா, கலர் பென்சில், ஆயில் பேஸ்டல், கிரேயான் என்று அதே நிறங்கள்தான் நான்கு வேஷத்தில் வரும். ஷார்ப்னர், ரப்பர், கிளிப் எல்லாம் ஆளுக்கொரு எண்ணிக்கை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சரி. மூன்று வயதுக் குழந்தை ஸ்கெட்ச் பேனாவை முழுக் கையால் பிடித்துக் குத்தும், முனை உள்ளே போய்விடும். தப்பிப் பிழைத்த பேனா மூடி இல்லாமல் கிடந்து மறுநாள் காய்ந்திருக்கும். வாட்டர் கலர் வில்லையிலோ, தேய்த்து நிறம் வருவதற்குள் அவள் எழுந்து போயிருப்பாள்.

நான் வாங்கச் சொல்வது இவ்வளவுதான்: தடித்த ஜம்போ கிரேயான் ஒரு டப்பா, போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, அகலமான பிரஷ் ஒன்று, ஒரு மாஸ்கிங் டேப். தெருமுனை ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும், 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தாள் வாங்கவே வேண்டாம். மாதக் காலண்டரின் பின்பக்கமும் பழைய கல்யாணப் பத்திரிகையும் சாதாரண ஏ4 தாளைவிட நன்றாக பெயிண்ட் தாங்கும்.

டேப் எதற்கு என்றால், தாளின் நான்கு மூலையையும் தரையோடு ஒட்டத்தான். ஒரு கையால் தாளைப் பிடித்து மறு கையால் வரைவது அந்த வயதில் பெரிய வேலை. தாள் நழுவ நழுவ எரிச்சல்தான் வரும். இன்னொன்று, எல்லா நிறத்தையும் ஒரேயடியாகக் கடை பரப்பாதீர்கள். மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுங்கள். இரண்டும் கலந்து பச்சை வந்துவிட்டது என்று அவளே கத்திக்கொண்டு ஓடி வரட்டும்.

அப்புறம் சமையலறை இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி பெயிண்டில் தொட்டு அழுத்தினால் பூப் பூவாக விழும். கால் கப் கார்ன்ஃப்ளாரை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, கூழ் பதத்துக்குக் காய்ச்சி ஆறவைத்து, சமையலுக்கான கலர் இரண்டு சொட்டு விட்டால் கையால் பூச பெயிண்ட் தயார். இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பிரஷைத் தோய்த்து வரையச் சொல்லுங்கள். கோடு செங்காவியாகத் தெரியும். ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே விஷயம்தான். ஆனால் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

இதெல்லாம் ஒரு மணி நேரம் ஓடும் என்று நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் முதல் சில நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்.

கேள்வி: பையன் எதையும் வாயில் வைக்கிறான். பெட்டியில் ‘நான்-டாக்ஸிக்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அது மட்டும் போதாது. கம்பெனி தானே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்று அது. விளையாட்டுப் பொருளாக விற்பவற்றுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இறக்குமதிச் சரக்குக்கும்தான். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 போன்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். கையால் பூசும் ஃபிங்கர் பெயிண்டுக்கு அந்தத் தரத்தில் தனிப் பகுதியே, ஏழாவது பகுதி, இருக்கிறது.

ஸ்டேஷனரியாக விற்கும் கிரேயான் பலவற்றில் இந்த முத்திரையைப் பார்க்க முடியாது. அப்போது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி, தயாரித்த மாதம், புகார் சொல்ல எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாத பொருளை ரோட்டோரத்தில் பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நிறத்தைவிட எனக்குப் பயம் சின்னச் சாமான்கள்மேல்தான். தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல் மணிகள் வயிற்றுக்குள் போயும் ஊதிக் குடலை அடைத்துவிடும். வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பெயிண்ட் செட்டில் பாதி டப்பா கல்லாகக் காய்ந்திருந்தது. “ஆர்ட் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்கிறார் விற்பனையாளர். (வாசகி, கோவை)

பதில்: மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும்போது அப்படிச் சொல்லலாம். பழுதான சரக்குக்கு அந்தப் பேச்சு செல்லாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. டப்பாக்களின் படம், பில், பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதம் ஆகியவற்றோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். பல நேரம் அதிலேயே பணம் வந்துவிடும்.

கேள்வி: வாடகை வீடு. சுவரெல்லாம் கிரேயான். என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: எமல்ஷன் அடித்த சுவர் என்றால், ஈரத் துணியில் கொஞ்சம் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போகும். டிஸ்டெம்பர் என்றால் தேய்க்காதீர்கள், கிரேயானோடு சுவரின் நிறமும் கையோடு வந்துவிடும். வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது மலிவு. அதுவரை குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள்.