புதிய பேட்டரி போட்ட பிறகும் பிக்கப் வண்டி விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாதது ஏன்?

நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்கு விடியுமுன் மல்லிகை ஏற்றிச் செல்லும் உங்கள் டீசல் பிக்கப் இரண்டு மாதங்களாக ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்றும், புதிய பேட்டரி போட்டு, செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பழுது பார்த்த பின்பும் அதே நிலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முகப்பு விளக்கைப் போட்டவுடன் இஞ்சின் சூடு காட்டும் முள் சட்டென்று மேலே ஏறுகிறது என்பதைக் கடைசியில், போகிற போக்கில், சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. இஞ்சின் சூடு நிமிடக் கணக்கில் ஏறுமே தவிர ஒரு நொடியில் ஏறாது. விளக்குப் போட்டதும் முள் நகர்கிறதென்றால் அது சூட்டைக் காட்டவில்லை, எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பி வரும் இணைப்பு, சரியாக இல்லை என்பதைக் காட்டுகிறது.

நான் மெக்கானிக் அல்லன். மேலூர்ப் பக்கம் காய்கறி லோடு ஓட்டுகிற ஒரு பழைய பிக்கப்பின் சொந்தக்காரன். உங்கள் வண்டிக்கு வந்திருப்பது போன்ற கோளாறுக்கு நானும் முதலில் பேட்டரியை மாற்றினேன், பிறகு செல்ஃப் மோட்டாருக்கு கார்பன் மாற்றினேன், இரண்டாலும் பயன் இல்லை. ஒரு நாள் பலமுறை சாவியைத் திருகிப் பார்த்த பிறகு ஆக்ஸிலரேட்டர் பெடலை மிதித்தால் இறுக்கமாக இருந்தது; பானட்டைத் திறந்து அதன் கேபிளைத் தொட்டால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ஓடாத இஞ்சினில் கேபிள் ஏன் சுட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து ஊரில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் கேட்ட மாத்திரத்தில், "எர்த்து வரல தம்பி, பேட்டரியக் கொற சொல்லாதீங்க" என்றார். சில மாதங்களுக்கு முன் சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, பெயின்ட் அடித்தவர்கள் இஞ்சினிலிருந்து வரும் எர்த் பட்டையைக் கழற்றி, அதன் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

இது ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து மின்சாரம் வயரில் போகிறது. திரும்பி வருவது வண்டியின் உடல் வழியாக. ஆனால் இஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் உள்ள மின் இணைப்பு அந்தப் பின்னல் பட்டை ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. டீசல் இஞ்சினைச் சுழற்றும்போது செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை வந்தாலே அங்கு 2 வோல்ட் தொலைந்துபோகும். சில ஆம்பியர் மட்டும் கேட்கும் ஹாரனுக்கும் உள்விளக்குக்கும் அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. ஆகையால் "லைட் நன்றாக எரிகிறது, எர்த் சரிதான்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். அதை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் துருவத்தில், அதாவது வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்லாமல் ஈயத் துருவத்தின் மேலேயே, வையுங்கள். மறு முனையை இஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். கூட ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லி, செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளில் அளவைப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட் வரை வந்தால் குற்றமில்லை. ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று வந்தால் பழுது அந்த வழியில்தான் இருக்கிறது. அப்போது மறு முனையைத் துருவத்திலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து சேஸிஸ் போல்ட்டுக்கு, அங்கிருந்து இஞ்சினுக்கு என்று ஒவ்வொரு படியாக நகர்த்திச் சோதித்தால் எந்த இடத்தில் அளவு தாவுகிறதோ அந்த இணைப்பே குற்றவாளி. அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துக்கொண்டு சாவியைத் திருகிவிடாதீர்கள். நான் ஒரு மீட்டரை அப்படித்தான் பறிகொடுத்தேன்.

இதே மீட்டரால் பேட்டரியையும் டைனமோவையும் பார்த்துவிடலாம். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால், பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று பொருள். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும்.

எர்த் சரியாகி, இரண்டு நாள் நின்றால் மட்டும் வண்டி எழவில்லை என்றால் அது வேறு கணக்கு. பாட்டுப்பெட்டி, ஜி.பி.எஸ்., கூடுதல் எல்.இ.டி. விளக்கு என்று பின்னால் மாட்டிய ஏதோ ஒன்று தூங்காமல் மின்சாரம் குடிக்கிறது. அரை ஆம்பியர் ஒழுகினாலும் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். சாவியை எடுத்து அரை மணி நேரம் கழித்து, மைனஸ் வயருக்கும் துருவத்துக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் கோத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்தத் தடத்தைப் பிடியுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்காவிட்டால்தான் டீசல் பக்கம் போக வேண்டும்: ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், குழாயில் காற்று, அவ்வளவுதான் முதலில் பார்க்க வேண்டியவை. மெதுவாகச் சுற்றும்போது பிடிக்காததை டீசல் கோளாறு என்று எண்ணி பம்ப்பைக் கழற்றவிடாதீர்கள். காமன் ரெயில் இஞ்சினில், அதாவது ரெயில் எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும் வகையில், செல்ஃப் போதிய வேகத்தில் சுற்றாவிட்டால் அந்த ரெயிலில் அழுத்தமே ஏறாது.

சூடு காட்டும் முள்ளுக்கு, எர்த்தைச் சரிசெய்த பிறகும் விளக்குப் போட்டால் அது நகர்ந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த் முனையையும் அதே போலத் தேய்த்து முடுக்குங்கள். விளக்கைத் தொடாமலே, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது முள் மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் அது உண்மையான சூடு. அப்போது கூலன்ட் அளவையும் ஃபேனையும் பார்க்காமல் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், ரேடியேட்டர் மூடியை ஆறுமுன் திறக்கவும் திறக்காதீர்கள்.