நேரியல் இயற்கணிதம் நான்காவது வாரத்திலிருந்து புரியவில்லை, பாடத்தை விட்டுவிடலாமா?

எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துப் பல்கலைக்கழகம் போயிருக்கிறீர்கள். மெட்ரிக்ஸ் (எண்களின் அட்டவணை), வரிசைக் குறைப்பு (அதன் வரிசைகளைக் கூட்டிக் கழித்துச் சமன்பாடுகளைத் தீர்ப்பது) எல்லாம் மூன்று வாரம் நன்றாகப் போனது, வெக்டர் வெளி (vector space) தொடங்கியதும் எல்லாம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

விட்டுவிடாதீர்கள். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன். நானும் அதே நான்காவது வாரத்தில்தான் நின்றேன். படிவம் ஐந்தில் இரண்டுக்கு இரண்டு மெட்ரிக்ஸுக்கு நேர்மாறு (inverse) கண்டுபிடிக்கத் தெரியும். ‘பெனெந்து’ (determinant), ‘சொங்சாங்’ (inverse) என்று மலாயில் படித்ததெல்லாம் கையோடு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்கு, இடைநிலைப்பள்ளியில் மலாயில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். மூன்று மொழி மாறியதால்தான் குழப்பம் என்று அப்போது நினைத்தேன். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இதுவரை ‘எப்படிப் போடுவது’ என்று கேட்ட பாடம் திடீரென்று ‘இது என்ன’ என்று கேட்கத் தொடங்கியது.

இந்த மாற்றம் எல்லோருக்கும் கடினம். சமன்பாடுகளில் ஒரு மாறியை நீக்கித் தீர்க்கும் முறை ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் இருந்தது. மெட்ரிக்ஸ் என்ற சொல்லை 1850-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் கொண்டுவந்தார். வெக்டர் வெளிக்கு விதிகளாக வரையறை எழுதியவர் இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ, அது 1888-இல். கணக்குப் போடுவதிலிருந்து வரையறைக்கு வர உலகத்துக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது நான்கு வாரம்.

எனக்குப் பாடம் திறந்தது செமஸ்டர் விடுமுறையில், உரக் கொட்டகையில். அப்பா செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) உரம் போடும் ஆட்களுக்கு மண்டோர் (மேற்பார்வையாளர்). மூட்டைகளில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யூரியா 46-0-0. அமோனியம் சல்பேட் 21-0-0. பொட்டாஷ் 0-0-60. கலவை உரம் 15-15-15. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று மூன்று எண், 100 கிலோவுக்கு எத்தனை கிலோ என்று (பின் இரண்டும் ஆக்சைடு கணக்கில்). ஒவ்வொரு மூட்டையும் ஒரு வெக்டர், அதாவது வரிசையாக எழுதிய எண்களின் பட்டியல்!

முதலில் யூரியாவையும் சல்பேட்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே திசை, நீளம்தான் வேறு. ஒன்றைப் பெருக்கினால் மற்றது வந்துவிடும். இரண்டு வெக்டருக்கு நேரியல் சார்பு (linear dependence) என்பது இவ்வளவுதான். (சல்பேட்டில் கந்தகமும் உண்டு, அது இந்த மூன்று எண் கணக்கில் வராது.) “ரெண்டும் இருந்தா ஒண்ணு போதும்டா, நைட்ரஜனுக்குத்தானே” என்றார் அப்பா. அந்த ஒரு பேச்சில் வரையறை எனக்குப் பிடிபட்டது.

அடுத்து, யூரியா, சல்பேட், பொட்டாஷ் மூன்றையும் எந்த அளவில் கலந்தாலும் பாஸ்பரஸ் பூஜ்யம்தான். மூன்று மூட்டை இருந்தும் எட்டக்கூடியது ஒரு தளம் மட்டுமே. அந்தத் தளம்தான் ஸ்பேன் (span), தனித்தனித் திசைகள் இரண்டு என்பதால் ரேங்க் (rank) 2. கலவை உரத்தைச் சேர்த்ததும் ரேங்க் 3 ஆகிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. 30 கிலோ நைட்ரஜன், 15 கிலோ பாஸ்பரஸ், 60 கிலோ பொட்டாசியம் வேண்டும். பாஸ்பரஸ் கலவை உரத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் அது 100 கிலோ என்று உடனே தெரிகிறது. அதிலேயே மற்ற இரண்டும் 15, 15 வந்துவிடும். மீதி 45 கிலோ பொட்டாசியத்துக்கு 75 கிலோ பொட்டாஷ். மீதி 15 கிலோ நைட்ரஜனுக்கு யூரியா மட்டும் என்றால் சுமார் 32.6 கிலோ, சல்பேட் மட்டும் என்றால் சுமார் 71.4 கிலோ. இரண்டையும் கலந்தும் போடலாம். அதனால் விடை எண்ணற்றது. 21 கிலோ யூரியாவைக் குறைத்து 46 கிலோ சல்பேட்டைக் கூட்டினால் நைட்ரஜன் மாறாது. இப்படிப்பட்ட ‘மாறாத மாற்றங்கள்’ எல்லாம் சேர்ந்ததுதான் நல் ஸ்பேஸ் (null space). வரிசைக் குறைப்பில் தனியாக நிற்கும் அந்தச் சுதந்திர மாறியை (free variable) இத்தனை நாள் வெறும் விதியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று தெரிந்தது.

ஒன்றில் மட்டும் கவனம். கணிதத்தில் எதிர்மறை எண்ணாலும் பெருக்கலாம், ஆனால் மண்ணிலிருந்து உரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 0-15-0 வேண்டுமென்றால் கலவையிலிருந்து யூரியாவையும் பொட்டாஷையும் கழிக்க வேண்டும். தாளில் முடியும், கொட்டகையில் முடியாது. தேர்வில் தாள் பக்கம் நில்லுங்கள்.

உள்வெளி (subspace: வெக்டர் வெளிக்குள்ளேயே இருக்கும் சிறு வெக்டர் வெளி) கேள்விகளுக்கும் இதே மூட்டை உதவும். ‘பாஸ்பரஸ் பூஜ்யமான வெக்டர்கள்’ உள்வெளி. ‘நைட்ரஜன் சரியாக 30 உள்ளவை’ உள்வெளி அல்ல, ஏனென்றால் காலி மூட்டை, அதாவது பூஜ்ய வெக்டர், அதில் இல்லை. பூஜ்யம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். இருந்தால் அப்புறம் கூட்டலையும் பெருக்கலையும் சோதிக்கலாம்.

தேர்வுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன்: விடையைத் திரும்பத் தொடக்கத்தில் கொடுத்த எல்லாச் சமன்பாடுகளிலும் வைத்துப் பாருங்கள். வரிசைக் குறைப்பில் ஒரு கழித்தல் குறி தவறினால் எல்லாம் போய்விடும், இந்தச் சோதனை இரண்டு நிமிடம்தான். ஐகன் மதிப்பு (eigenvalue) கடைசி வாரங்களில் வரும், இப்போது தொடாதீர்கள்.

இன்று இரவு நான்கு மூட்டைகளையும் நான்கு நெடுவரிசைகளாக எழுதி நீங்களே குறைத்துப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ அந்த வரியை இங்கே எழுதுங்கள். அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்.