மூளைப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அப்பாவின் உடலைத் தருவார்களா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். மூன்று மாதத்தில் நினைவு, நடை, பேச்சு எல்லாம் போய்விட்டது. கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது. சி.ஜே.டி. என்ற மூளை நோயாக இருக்கலாம், மருந்து இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலமான பிறகு மூளையைப் பரிசோதிப்பது நல்லது என்கிறார் நரம்பியல் டாக்டர். அண்ணனோ, போஸ்ட்மார்ட்டம் என்றால் போலீஸ் வரும், உடலைத் தரமாட்டார்கள் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் தானே எல்லாம் பேசி முடிப்பதாகச் சொல்கிறார். என்ன செய்வது?"

உடல் உங்களிடம்தான் வரும் அம்மா. போலீஸ் வராது. குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. அந்தத் தெரிந்தவரை இனி வாசற்படி ஏறவிடாதீர்கள்.

அண்ணன் குழம்புவதில் தப்பில்லை. நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே விபத்தும் தற்கொலையும்தான் நினைவுக்கு வரும். அது போலீஸ் கேட்டுச் செய்வது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194-வது பிரிவு. உங்கள் டாக்டர் சொல்வது, என்ன நோய் என்று தெரிந்துகொள்ளக் குடும்பமே முன்வந்து செய்யச் சொல்லும் பரிசோதனை. இதில் எஃப்.ஐ.ஆர். இல்லை, பஞ்சாயத்தார் விசாரணை இல்லை. மூளை மட்டும் என்று சம்மதக் கடிதத்தில் எழுதினால் மார்பையோ வயிற்றையோ திறக்கமாட்டார்கள். ஒரு காதின் பின்னாலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதின் பின்புறம் வரை கீறி, மூளையை எடுத்துவிட்டு மறுபடி தைத்துவிடுவார்கள். முகத்தில் ஒரு கோடுகூட விழாது. தலையில் துண்டைக் கட்டி மாலை போட்டுவிட்டால், பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இறந்த பிறகு பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் அடுத்துக் கேட்பார். சி.ஜே.டி. (க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்) ஒரு ப்ரியான் நோய். மூளையில் இயல்பாக உள்ள ஒரு புரதம் உருத்திரிந்து, பக்கத்தில் இருப்பவற்றையும் திரித்துக்கொண்டே போகிறது. எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., தண்டுவட நீர் என்று எல்லாவற்றையும் பார்த்தாலும் 'பெரும்பாலும் இதுதான்' என்றே எழுத முடியும். சந்தேகமில்லாமல் எழுத மூளைத் திசு வேண்டும். நூற்றுக்கு 85 பேருக்கு இது எந்தக் காரணமும் இல்லாமல் வருகிறது. சாப்பாட்டாலும் இல்லை, யாருடைய பாவத்தாலும் இல்லை. 10 முதல் 15 பேருக்குப் பரம்பரை. உங்கள் அப்பா இதில் எந்தப் பக்கம் என்று உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும். அதற்கு ரத்தத்தில் மரபணுச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஊருக்கும் தெரிய வேண்டும். உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகிறது. 2011 கணக்குப்படி சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம் பேர். அப்படியானால் ஆண்டுக்கு மூன்று பேராவது இங்கே இறக்க வேண்டும். அவர்கள் எல்லாம் எங்கே? பக்கவாதம், வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்ற பெயர்களில் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டனில் 1990-இல் எடின்பரோவில் இதற்கென்றே ஒரு கண்காணிப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். அதனால்தான் 1996-இல் பத்து இளம் நோயாளிகளிடம் புதுவகை சி.ஜே.டி.யைக் கண்டு, மாடுகளுக்கு வரும் 'மேட் கவ்' நோயோடு முடிச்சுப் போட முடிந்தது. நம் அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐ.டி.எஸ்.பி. படிவத்தில் நாய்க்கடிக்கு ஒரு வரி உண்டு, பாம்புக்கடிக்கு உண்டு. இந்த நோய்க்கு இல்லை. எண்ணாத நோய் இல்லாத நோய் என்று ஒரு சுகாதாரத் துறை நினைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி அந்த இடைத்தரகர். பிணவறை வாசலில் இவர்கள் நிற்காத ஊர் கிடையாது. வருத்தத்தில் இருப்பவர்களின் முகம் பார்த்தே பேச்சைத் தொடங்குவார்கள். ஃப்ரீசர் பாக்ஸ், ஆம்புலன்ஸ், 'அறுக்காமல் பாடி வாங்கித் தர்றேன்' என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். நீங்கள் கேட்காமல் யாரும் அறுக்கப்போவதில்லை. அதைத் தடுக்க எதற்குப் பணம்? அரசு மருத்துவமனையில் இறந்தால் வீடு வரை கொண்டுவிட அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இவர்கள் செய்யும் பெரிய கெடுதல் பணம் பிடுங்குவதுகூட இல்லை. 'சர்டிபிகேட்டில் ஹார்ட் அட்டாக் என்று போட்டுக்கொள்ளலாம், தொல்லை இல்லை' என்று சொல்லித் தருகிறார்களே, அதுதான். அந்த ஒரு வரியில் உங்கள் அப்பாவின் நோய் அரசுக் கணக்கிலிருந்தே அழிந்துவிடும்.

டாக்டர்களும் இதற்கு உடந்தை. இறப்புக் காரணச் சான்றில் 'இதயமும் மூச்சும் நின்றது' என்று எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. யாருக்குத்தான் நிற்கவில்லை? மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டர் தரும் 4ஏ. அடிப்படைக் காரணம் என்ற இடத்தில் சி.ஜே.டி. என்றே எழுதச் சொல்லுங்கள். அதன் நகல் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஒரு சூழ்நிலையில் மட்டும் நான் மேலே சொன்னது மாறும். அதை நிதானமாகப் படியுங்கள். இந்த நோயாளிகளுக்குத் தள்ளாட்டம் அதிகம், அடிக்கடி விழுவார்கள். அப்பா கட்டிலிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, நீங்கள் கேஷுவாலிட்டிக்கு ஓடினால், அங்கே 'கீழே விழுந்தார்' என்று விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போடுவார்கள். சில நாளில் அவர் இறந்தால் தகவல் ஸ்டேஷனுக்குப் போகும், 194 வந்துவிடும். அப்போது உங்கள் சம்மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள், எந்தப் புரோக்கராலும் நிறுத்த முடியாது. அதற்காக விழுந்ததை மறைக்காதீர்கள். பின்னால் அதுவே சந்தேகமாகும். நரம்பியல் டாக்டரின் டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று நகல் எடுத்து இப்போதே பையில் வைத்திருங்கள். ஒன்று கேஷுவாலிட்டி டாக்டருக்கு, ஒன்று எஸ்.ஐ.க்கு, ஒன்று தடயவியல் டாக்டருக்கு. கடைசி நகல்தான் மிக முக்கியம். தெரியாமல் மின்ரம்பத்தால் மண்டையோட்டை அறுத்தால் தூள் பறக்கும். பிணவறை ஊழியருக்கு அது ஆபத்து. மற்ற கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலின் ப்ரியானைக் கொல்லாது. சந்தேகம் இருப்பது தெரிந்தால் கைரம்பம், முகக்கவசம், ஃபார்மிக் அமிலம் என்று தயாராவார்கள். மூளைத் திசுவை எடுத்துவைத்து ஆய்வுக்கு அனுப்பும்படியும் எழுதிக் கேளுங்கள்.

கண் தானம் வேண்டாம். சேலத்தில் நல்ல மனதோடு உடனே கண் வங்கிக்கு போன் போட்டுவிடுவார்கள். கருவிழி வழியாக இந்த நோய் இன்னொருவருக்குப் போனதாக 1974-லேயே பதிவாகியிருக்கிறது. உடல் தானமும் கூடாது.

வீட்டில் அவரைத் தொடுவது, சோறு ஊட்டுவது, பக்கத்தில் படுப்பது எதனாலும் உங்களுக்கு ஒட்டாது. குளிப்பாட்டும் சடங்கை மட்டும் பரிசோதனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், தையலைத் தொடாதீர்கள். எரிக்கவும் செய்யலாம், புதைக்கவும் செய்யலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸின் நரம்பு நோய்க்கூறியல் துறையோடு பேசும்படி உங்கள் நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். அங்கே மூளைத் திசுவை ஆய்வுக்காகச் சேமித்துவைக்கும் மூளை வங்கி இருக்கிறது. மூளையை எங்கே எடுப்பது, யார் கொண்டுபோவது என்பதை அப்பா உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். நடுராத்திரியில் இறந்தபின், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, இருநூறு கிலோமீட்டர் தள்ளி யாரிடம் பேசுவீர்கள்? கூடியவரை ஒரு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை உடல் குளிரில் இருக்கலாம், உறைந்துவிடக் கூடாது; ஃப்ரீசர் பாக்ஸ்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். வந்ததும் ஒரு நகலை மாவட்ட சுகாதார அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். 'இது எங்கள் லிஸ்டில் இல்லை' என்பார்கள். இருந்தாலும் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.