வலையை உப்புத் தண்ணீரில் போட்டால் போதுமா?

இந்த முறை வந்த மீன் கேள்விகளில் பாதிக்கு மேல் வலை, பில்டர், குழாய் சுத்தம் பற்றியே இருந்தன. மழைக்காலத்தில் பலர் தொட்டியிலும் நோய் புகுந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வீட்டில் மூன்று தொட்டிகள். கப்பி, ஏஞ்சல், கோல்டு பிஷ் தனித்தனியாக இருக்கின்றன. கப்பித் தொட்டியில் வெள்ளைப்புள்ளி வந்தது. வலையை எப்போதும் கல் உப்புப் போட்ட வாளியில்தான் ஊற வைப்பேன். அப்படியும் பத்தே நாளில் மற்ற இரண்டுக்கும் பரவிவிட்டது. எங்கே தப்பு? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த வாளியில்தான். அதில் தண்ணீர் மாற்றி எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கைப்பிடி உப்பைப் போட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டிருப்பீர்கள், ஒவ்வொரு தடவை வலையை முக்கும்போதும் தொட்டித் தண்ணீர், மீன் உடம்பு வழவழப்பு, கழிவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்ந்து, உப்பும் நீர்த்துப் போய், கடைசியில் மூன்று தொட்டிக்கும் பொதுவாக ஒரு நான்காவது தொட்டி வைத்த கதையாகிவிடுகிறது.

மீன் மேல் நாம் பார்க்கிற வெள்ளைப்புள்ளி ஒரு ஒட்டுண்ணி, அது மற்ற மீனுக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை. அது முற்றி, மீனை விட்டு உதிர்ந்து, தரையிலோ செடியிலோ வலை நூலிலோ ஒட்டிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியே வரும். அந்தக் குஞ்சுகள்தான் மீனைத் தேடி நீந்தும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். இன்னொன்று, இதன் எந்தப் பருவமும் காய்ச்சலைத் தாங்காது. காய்ச்சல் என்றால் ஜுரம் இல்லை, நன்றாகக் காய்ந்துபோவது! ஆக, அலசி ஒரு நாள் முழுக்கச் சுக்காகக் காயவைத்த வலை வெள்ளைப்புள்ளியைக் கொண்டுபோகாது. ஈர வலை கொண்டுபோகும்.

வாளியை மூலையில் வைத்துவிட்டு இன்னும் இரண்டு வலை வாங்குங்கள், தொட்டிக்கு ஒன்று. நான் கைப்பிடியில் கலர் நூல் கட்டி வைத்திருக்கிறேன். (அப்படியும் ஒரு லீவில் வந்த அக்கா பையன் சிவப்பு நூல் வலையை எடுத்து எல்லாத் தொட்டியிலும் துழாவிவிட்டுப் போனான். அந்த வாரம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.) அப்புறம், முழங்கை வரை நனைந்த உங்கள் கையும், தண்ணீர் உறிஞ்சும் குழாயும் வலை மாதிரிதான். நல்ல தொட்டி வேலையை முதலில் முடித்து, நோய்த் தொட்டியைக் கடைசியில் தொடுங்கள்.

கேள்வி: பிளீச்சிங் பவுடரில் வலையை ஊற வைக்கலாம் என்கிறார்கள். மீன் செத்துவிடாதா? எவ்வளவு போடுவது? (வாசகர், ஆவடி)

பதில்: வைக்கலாம். மீனைக் கொல்வது வலையில் தங்கிப்போகிற குளோரின், அதை எடுத்துவிட்டால் பயமில்லை.

முதலில் வெறும் தண்ணீரில் பழைய பல் பிரஷ் வைத்து வலையைத் தேய்த்துக் கழுவுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாசியும் அழுக்கும் ஒட்டியிருந்தால் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமி உள்ளே பத்திரமாக இருக்கும். பிறகு, கடையில் துணிக்கு விற்கிற வாசனையில்லாத திரவ பிளீச்சாக இருந்தால் (லேபிளில் 5 சதவீதம் அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. பவுடர் என்றால் லிட்டருக்குத் தலைதட்டி இரண்டு டீஸ்பூன், ஏறக்குறைய 8 கிராம். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும் என்ற கணக்கில் சொல்கிறேன். வாய் திறந்தபடி ஒரு வருஷம் குளியலறையில் கிடந்த பாக்கெட்டில் சுண்ணாம்புதான் மிச்சமிருக்கும். பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வலைக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும்.

பத்து நிமிஷம் போதும். ராத்திரி முழுக்கப் போட்டால் நைலான் நூல் நைந்து, அடுத்த தடவை மீனைத் தூக்கும்போது அடியில் ஓட்டை விழும். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள். அதற்கப்புறம்தான் ஆன்டி-குளோரின். பிளீச் தண்ணீரிலேயே நாலு சொட்டு விட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அந்தச் சொட்டு மருந்தின் அளவு குழாய்த் தண்ணீரில் இருக்கிற துளியூண்டு குளோரினுக்கானது, நீங்கள் கரைத்திருப்பதோ அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதனால் அலசியபின், புதுத் தண்ணீரில் வழக்கத்தைவிடத் தாராளமாக மருந்து விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, வெயிலில் உதறிப் போடுங்கள். மூக்கருகே வைத்தால் பிளீச் வாடை துளியும் வரக்கூடாது.

கேள்வி: தொட்டி, வலை எல்லாவற்றையும் வீட்டில் தரைக்கும் காயத்துக்கும் போடுகிற கிருமிநாசினி திரவத்தில் கழுவினேன். நன்றாகத்தான் அலசினேன். மறுநாள் காலையில் எல்லா மீனும் மிதந்தன. (வாசகர், கோவை)

பதில்: வருத்தமாக இருக்கிறது. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி ஆகுமே, அந்த வகைத் திரவங்களும், பினாயிலும், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் மீன் பக்கமே வரக்கூடாது. குளோரினை முறிக்க மருந்து இருக்கிறது, இவற்றை முறிக்க ஒன்றும் இல்லை. சிலிக்கான் ஒட்டிலும், ஸ்பாஞ்சிலும், வலை நூலிலும் ஏறிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். அந்த வலையையும் ஸ்பாஞ்சையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டியில் வாடை போகும் வரை தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள், மீன் வாங்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: சுத்தமாக இருக்கட்டும் என்று பில்டர் ஸ்பாஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. (வாசகி, மதுரை)

பதில்: ஸ்பாஞ்ச் சுத்தமாகிவிட்டது, அதுதான் பிரச்சினை. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருந்தன. மொத்தக் குடித்தனத்தையும் அவித்துவிட்டீர்கள். அது மறுபடி வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, காற்றுக் குழாயை விடாமல் ஓடவிடுங்கள். நோயில்லாத ஒரு நண்பர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் சீக்கிரம் தேறிவிடும். இனிமேல் தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். நோய் வந்து தொட்டியையே கலைக்கிறபோது மட்டும்தான் ஸ்பாஞ்சுக்குப் பிளீச். அப்போதும் புதுசு வாங்குவது சுலபம்.

கேள்வி: சில மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து செத்தன. வலையைப் பெர்மாங்கனேட்டில் போட்டேன். இப்போது என் விரலில் ஒரு கட்டி, ஒரு மாதமாக ஆறவில்லை. சம்பந்தம் இருக்குமா? (வாசகர், சென்னை)

பதில்: இருக்கலாம். முதலில் டாக்டரிடம் போங்கள், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுவார்கள். மீனுக்கு வருகிற காசநோய் வகைக் கிருமி, மைக்கோபாக்டீரியம் மரினம், கையில் இருக்கிற வெட்டுக்காயம் வழியாக நமக்கும் வரும். மனித உடம்பின் உள்சூடு அதற்குப் பிடிக்காது, அதனால் பெரும்பாலும் விரல், கை என்று குளிர்ந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் குணமாக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். இதுதானா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சோதனைதான் சொல்லும்.

மெழுகு மாதிரி மேலுறை உள்ள கிருமி அது. அதற்குப் பெர்மாங்கனேட்டை நம்ப முடியாது, வலையைப் பழுப்பாக்கியது மட்டும்தான் மிச்சம். கழுவிக் காயவைத்த சாமானை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, தானாக உலரவிடுவது நல்லது. அடுப்புப் பக்கம் வேண்டாம், குப்பென்று பிடித்துக்கொள்ளும். வலை, ஸ்பாஞ்ச் போன்ற மலிவான சாமானை ஆல்கஹால் செலவழித்துக் காப்பாற்றுவதைவிடக் கட்டி எறிவது லாபம். புண் ஆறும் வரை தொட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: போர் தண்ணீரால் ஹீட்டரிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படிவம். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சையும் கலந்து தேய்த்தால் கறையும் கிருமியும் ஒன்றாகப் போகுமா? (வாசகி, வேலூர்)

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. படிவத்துக்கு வினிகர் போதும். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, வினிகர் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி வைத்துத் துடையுங்கள். வினிகரும் பிளீச்சோடு சேரக்கூடாது. இன்றைக்கு வினிகர், நன்றாக அலசி இன்னொரு நாள் பிளீச்.

கேள்வி: காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோனுக்கு? (அதே வாசகி)

பதில்: பிளீச்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள். மரக்கட்டைக்கும் இதே கதைதான். சமையல் பாத்திரத்தில் மட்டும் கொதிக்க வைக்காதீர்கள், வீட்டில் திட்டு விழும்.