ஓராண்டு மறையுரைக்கும் மறைக்கல்விக்கும் முன்கூட்டியே திட்டம் போட முடியுமா?

‘எங்கள் கத்தோலிக்கக் கோயில் மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறு திருப்பலியில் வாசகங்களை விளக்கும் மறையுரை ஒரு திசையில் போகிறது, பிள்ளைகளின் மறைக்கல்வி வேறு திசையில் போகிறது. 52 வாரத்துக்கும் தலைப்புகளைப் பிரித்து ஓர் அட்டவணை போட்டுவிட்டால் சரியாகுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டவணை போடுங்கள். தலைப்புகளை மட்டும் பிரிக்காதீர்கள். நாங்கள் பிரித்துப் பார்த்து மூக்குடைபட்டவர்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைப் பங்கில் 14 ஆண்டுகள் மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பள்ளியிலும் ஆசிரியை என்பதால், பாடத்திட்டம் போடுவது எனக்குக் கைவந்த கலை என்று ஒரு நினைப்பு. 2017இல் ஜூன் குடும்பம், ஜூலை குடிப்பழக்கம், ஆகஸ்ட் அன்னை மரியா என்று எழுதி, பங்கு அலுவலகச் சுவரில் மாட்டினோம். ஜூலையில் விதைப்பவர் உவமை வந்தது. பாவம், உதவிப் பங்குத்தந்தை வழியோரம் விழுந்த விதையை எப்படியோ இழுத்து வந்து மதுக்கடை வாசலில் சேர்த்தார். அடுத்த ஞாயிறு வந்த களைகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் வாரம் நிலத்தில் மறைந்திருந்த புதையலை வாசித்து முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை அட்டவணையைக் கழற்றினோம்.

நாம் போட வேண்டிய திட்டத்தைத் திருச்சபை எப்போதோ போட்டுவிட்டது. 1969ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்திலிருந்து (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்கள்; திருவழிபாட்டு ஆண்டு தொடங்குவது அப்போதுதான்) ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் தவக்காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் இடையிடையே வருகிறார். எந்த ஆண்டு ஓடுகிறது என்று அறிய ஒரு குறுக்குவழி உண்டு. ஆண்டின் எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி ஒன்று என்றால் மத்தேயு, இரண்டு என்றால் மாற்கு, மீதி இல்லையென்றால் லூக்கா. திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் மட்டும் அடுத்த ஆண்டின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சிறப்புக் காலங்கள் போக மீதியுள்ள பொதுக்காலத்தில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வாசகம் அப்படியல்ல, ஏதாவது ஒரு திருமுகம் வாரக்கணக்கில் தன்போக்கில் ஓடும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டப் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். நாங்கள் இரண்டாம் வாசகத்தை அன்பியக் கூட்டங்களுக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) விட்டுவிட்டோம். மத்தேயு ஆண்டில் உரோமையர் திருமுகம் பொதுக்காலத்தின் 9ஆம் ஞாயிறிலிருந்து 24ஆம் ஞாயிறு வரை வருகிறது. அன்பியங்களுக்கு அதைவிட நல்ல தொடர் கிடைக்காது.

சுவர் அட்டவணைக்குப் பதிலாக நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கினோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். தேதி, நற்செய்தி, யார் மறையுரை, மறைக்கல்விப் பாடம் என நான்கு பத்திகள். ஐந்தாவது பத்தியின் தலைப்பு ‘ஊர் நடப்பு’. அந்த ஐந்தாவதுதான் நோட்டைக் காப்பாற்றியது. பள்ளித் தேர்வு, புதுநன்மை (பிள்ளைகளின் முதல் நற்கருணை), கொடியேற்றம், கல்லறைத் திருநாள் எல்லாம் அதில் ஏறின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருடம் முழுக்கக் கண்ணில் படாத ஆண்கள் ஊரில் இருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, மறைக்கல்வி கிடையாது. அதனால் பெரியவர்களுக்கான வகுப்புகளை அந்த இரண்டு மாதத்துக்கு மாற்றினோம், இடத்தையும் கோயிலிலிருந்து ஏலக்கூடத்துக்கு மாற்றினோம். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார்கள். கோயிலுக்குள் வாயே திறக்காதவர்கள் அங்கே கேள்வி கேட்டார்கள்.

உங்கள் ஊரில் அது நடவாக இருக்கலாம், அறுவடையாக இருக்கலாம். முதலில் அந்தப் பத்தியை நிரப்புங்கள்.

மறையுரையை வாரந்தோறும் பாடத்தோடு பொருத்த முயல வேண்டாம். மறைக்கல்வி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, திருவழிபாட்டு ஆண்டு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ. ஆண்டுக்கு நான்கைந்து இடங்களில் இரண்டும் சந்தித்தால் போதும். மத்தேயு ஆண்டின் தவக்காலத்தில் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் என்று மூன்று ஞாயிறுகள் அடுத்தடுத்து வருகின்றன. திருமுழுக்குப் பாடத்தை அங்கே வையுங்கள். மாற்கு ஆண்டில் ஜூலை கடைசியிலிருந்து ஐந்து ஞாயிறுகள் யோவான் ஆறாம் அதிகாரம், அதாவது வாழ்வு தரும் உணவு. மே மாதம் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்க அதுவே நேரம். முன்கூட்டிப் பார்க்காவிட்டால் அந்த ஐந்து வாரமும் ஒரே மறையுரைதான். 2024இல் மூன்றாம் வாரமே முன்வரிசைப் பாட்டி ஒருவர் ‘சாமி இன்னும் அப்பத்தை விடவில்லை’ என்று பங்குத்தந்தையைப் பற்றி என் காதில் கிசுகிசுத்தார். 2027இல் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா வந்து ஐந்தை நான்காக்கும். இதெல்லாம் நோட்டைப் புரட்டினால் தெரிகிற விஷயம்.

திருவிழாவையொட்டி ஒன்பது நாள் நடக்கும் நவநாளுக்கு நாளொரு மறையுரையாளர் வருவார் அல்லவா? முந்தைய நாட்களில் யார் எதைப் பேசுகிறார்கள் என்று எல்லாருக்கும் ஒரு மாதம் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். பாதுகாவலரான புனிதரின் ஒரே அற்புதத்தை மூன்று இரவுகள் கேட்ட ஊர் எங்களுடையது.

திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது. திருச்சபைச் சட்டம் 767 அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே மறையுரைக்காகக் கூடும் குழு எழுதிக் கொடுப்பதற்கு இல்லை, சாமியோடு உட்கார்ந்து வாசிப்பதற்குத்தான். எங்களில் ஐந்து பேர் செவ்வாய் மாலை பங்குத்தந்தை இல்லத் திண்ணையில் கூடுவோம். 2023 ஆகஸ்டில் இயேசு கடல்மீது நடந்த பகுதி. சாமி பேதுருவின் நம்பிக்கைக் குறைவைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். கட்டுமரத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் கையை விரித்துக் காட்டினார். “நான்காம் காவல்வேளை என்றால் விடியப்போகிற நேரம், சாமி. எதிர்க்காற்றில் இராமுழுக்கத் துடுப்பு போட்டிருக்கிறார்கள். அந்தக் கை இப்படித்தான் மடங்காமல் நிற்கும். அதைச் சொல்லிவிட்டுப் பேதுருவைத் திட்டுங்கள்” என்றார். சாமி குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிறு அன்று அந்தக் கையைப் பற்றித்தான் பேசினார், ஏழு நிமிடம். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னபோது எங்களுக்கு அது பழைய செய்தி.

நோட்டு பங்குடையதாக இருக்கட்டும், பங்குத்தந்தையுடையதாக வேண்டாம். பணிமாற்றம் வந்தால் அவர் மேசையோடு அதுவும் போய்விடும். புதிதாக வருகிறவர் அதைத் திறக்காமலும் இருக்கலாம். ஒருவர் ஆறு மாதம் திறக்கவில்லை. அவரை நச்சரிக்காமல் நாங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதத்துக்கு மேல் பேனாவால் எழுதாதீர்கள், மீதி பென்சிலில் இருக்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் படகு ஒன்று திரும்பவில்லை. அந்த ஞாயிறின் வரியில் இன்றும் நற்செய்தியின் பெயர் மட்டுமே இருக்கிறது. சாமி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

2026 நவம்பர் 29 அன்று மாற்கு ஆண்டு தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு மாலை, குழு முழுவதும் உட்கார்ந்து மாற்கு நற்செய்தியை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துவிடுங்கள். 16 அதிகாரம்தான், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் சுக்குக் காப்பி கொடுங்கள். எங்களில் பாதிப் பேர் முழு நற்செய்தியை முதல் தடவையாகக் கேட்டது அப்படித்தான், என்னையும் சேர்த்து.