செவ்ரோலே சி-10: புகைக்குழாயை நாமே செய்வதா, கடையில் கொடுப்பதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸில் வசிக்கிறேன். என்னிடம் 1970 செவ்ரோலே சி-10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், அதன் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, ஆட்டோமேட்டிக் கியர். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, இரட்டைக் குழாயாக மாற்ற ஆசை. சைலன்சர் கடையில் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். கம்பி தானாக வந்து உருகிப் பற்றவைக்கும் மிக் வெல்டர் கைவசம் உண்டு. கேட், மேசைக்கால் என்று தடித்த இரும்பைப் பற்றவைத்துப் பழக்கம், மெல்லிய குழாயைத் தொட்டதில்லை. நானே செய்யலாமா? செய்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதியை நீங்கள் செய்யுங்கள், பாதியைக் கடையில் கொடுங்கள். மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் வரை உங்கள் வேலை. சைலன்சருக்குப் பின்னால், ஆக்சிலுக்கு மேல் ஏறி இறங்கும் வால்குழாய் கடைக்காரர் வேலை.

பெரும்பாலான சைலன்சர் கடைகளில் இருப்பது குழாயை அழுத்தி வளைக்கும் ஹைட்ராலிக் எந்திரம். அதில் வளைவின் உட்புறம் நசுங்கி வழி சுருங்கும். மாண்ட்ரல் முறையில் குழாய்க்குள் ஒரு தண்டு தாங்கி நிற்பதால் வட்டம் கெடாது. ஆனால் புகை வால்குழாய்க்கு வருவதற்குள் குளிர்ந்து கன அளவு குறைந்துவிடுகிறது. மாற்றமில்லாத 350-க்கு அங்கே கொஞ்சம் நசுங்கிய வளைவு ஒரு பொருட்டே அல்ல. அந்தத் துண்டில் நான்கைந்து வளைவுகள், ஒவ்வொன்றும் வேறு திசையில். கடைக்காரர் வண்டியை மேலே தூக்கி ஒரே குழாயில் வளைத்துவிடுவார். நீங்கள் செய்தால் ஒவ்வொரு வளைவையும் அறுத்து ஒட்டவேண்டும், பக்கத்துக்கு ஐந்தாறு தையல். படுத்துக்கொண்டு பற்றவைக்கும் புதியவருக்கு அது வேண்டாத தண்டனை.

முன்பகுதியில் நிலைமை நேர்மாறு. ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச்சட்டம், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் எல்லாம் அங்கேதான். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு அங்குல இடைவெளி விட்டுப் பார்த்துப் பார்த்துப் பொருத்தப் பொறுமை வேண்டும். அவசரத்தில் இருக்கும் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. மாண்ட்ரலில் வளைத்த 45, 90 பாகை வளைவுகளும் யு வளைவுகளும் தனித்தனியாக விற்கின்றன. அவற்றை வாங்கித் தேவையான கோணத்தில் அறுத்துக்கொள்ளுங்கள்.

அளவு: பக்கத்துக்கு 2¼ அங்குலம் போதும். பின்னால் எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றும் எண்ணம் இருந்தால் 2½. மூன்று அங்குலத்தால் உங்கள் எஞ்சினுக்குப் பலன் இல்லை, இடம்தான் போகும். சுவர் 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர்.

ஸ்டெயின்லெஸ் இந்த முறை வேண்டாம். 304 ரகம் சாதாரண எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். அதற்குக் கம்பியும் வாயுவும் வேறு. குழாயின் உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்பாவிட்டால் தையலின் பின்பக்கம் கருகிச் சர்க்கரைபோலப் பொரிந்து, பிறகு அங்கேயே விரிசல் விடும். அலுமினியப் பூச்சு எஃகு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் தொடாதீர்கள். அதைப் பற்றவைக்கும்போது வரும் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

பழையதைக் கழற்றுவதில்தான் முதல் சிக்கல் வரும். மேனிஃபோல்டு வாயில் உள்ள ஸ்டட்கள், அதாவது நட் ஏறும் மரையிட்ட தண்டுகள், ஐம்பது வருடத் துரு. இரண்டு நாள் முன்பிருந்தே துருநீக்கும் எண்ணெயில் ஊறவிடுங்கள். நட்டைச் சூடாக்கி ஆறவிட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். முறிந்துபோனால் எஞ்சிய முனையில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சூடே பிடியைத் தளர்த்திவிடும். புதிய ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

அளவெடுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கவேண்டும். சாய்மேடையில் ஏற்றுங்கள், அல்லது தாங்கிகளை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள். ஃபிரேமில் தாங்கினால் ஆக்சில் கீழே தொங்கும். அப்போது மேலே தாராளமாக இடம் தெரியும், முதல் பள்ளத்தில் ஆக்சில் எழும்பிக் குழாயை இடிக்கும். உங்கள் வண்டியில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் என்றால், வண்டியின் நடுவிலிருந்து ஆக்சில் வரை இரண்டு நீண்ட கைகள் போகும். அவையும் ஆக்சிலோடு ஏறி இறங்குபவை. வால்குழாய்க்குக் கொடுக்கும்போது கடையிலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குக்குழாயை விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சினின் எரிவரிசை, அதாவது எட்டு சிலிண்டர்களும் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் இடப்பக்கம், இரட்டை எண்கள் வலப்பக்கம். வரிசையைப் பாருங்கள்: 8, 4 அடுத்தடுத்து வலப்பக்கம், 5, 7 அடுத்தடுத்து இடப்பக்கம். ஒரே குழாய்க்குள் இரண்டு வீச்சுகள் ஒன்றன் வாலில் ஒன்றாக வந்து முட்டுகின்றன, அந்த நேரத்தில் எதிர்க்குழாய் சும்மா கிடக்கிறது. சைலன்சருக்கு முன்னால் ஒரு குறுக்கு வழி இருந்தால் அழுத்தம் பங்கிடப்படும், சத்தத்தின் கரகரப்பு குறையும், கீழ்வேகத்தில் இழுவை கொஞ்சம் தேறும். முதன்மைக் குழாயின் அதே விட்டத்தில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இடம் கிடைக்கும் முதல் இடத்தில் போடுங்கள்.

பற்றவைக்கும்முன் பேட்டரியைக் கழற்றுங்கள். அந்த வருட சி-10-இல் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வண்டிக்கு அடியில் டேக், அதாவது துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளிப் பற்று, மட்டும் போடுங்கள், அதுவும் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், எரிபொருள் குழாய்மேல் தீத்தடுப்புத் துணி போர்த்திய பிறகு. முழுத் தையல் வெளியே, மேசைமேல். குழாயைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங் ஒளியும் சூடும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் நச்சுவாயு உண்டாகும், அது உயிரை எடுக்கும். அசிட்டோனால் துடைத்து, அது முழுக்க உலர்ந்தபின் தொடங்குங்கள்.

கம்பி 0.023 அல்லது 0.030 அங்குலம், வாயு 75 பங்கு ஆர்கான், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு. கேட்டுக்கு வைத்த ஆம்பியரை வைத்தால் குழாய் ஓட்டையாகும். சுமார் 60 ஆம்பியரில் தொடங்கி, அறுத்த துண்டுகளில் கை பழகுங்கள். ஓரங்களை நேராக அறுத்துப் பிசிறெடுத்து, இருபுறமும் அரை அங்குலம் அலுமினியப் பூச்சைத் தேய்த்தெடுங்கள். பூச்சு தையலுக்குள் கலந்தால் பிடிப்பு கெடும். இரண்டு வாய்க்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேயுங்கள். நான்கு டேக், பிறகு எதிரெதிராக ஒரு அங்குலத் துண்டுகளாகத் தையல். ஒரே வீச்சில் சுற்றிவந்தால் சூடு ஒருபக்கம் இழுத்துக் குழாய் கோணும். முடிந்ததும் தையல்மேல் வெப்பம் தாங்கும் பெயிண்ட். பூச்சு போன அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

முழுவதையும் ஒரே துண்டாக ஒட்டிவிடாதீர்கள், கடைக்காரரையும் ஒட்டவிடாதீர்கள். நாளை கியர்பாக்ஸை இறக்க வேண்டிவந்தால் குழாயை அறுக்கவேண்டியிருக்கும். சைலன்சருக்கு முன்னும் பின்னும் பட்டைக் கிளாம்ப் அல்லது போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் இருக்கட்டும். யு-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிக் கடித்துக்கொள்ளும், பிரிக்க முடியாது. தொங்குபிடிகள் எல்லாம் ரப்பரோடு இருக்கவேண்டும். மூன்று மீட்டர் எஃகுக் குழாய் 300 பாகை சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதோடு எஞ்சினும் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும். ஃபிரேமோடு இறுகக் கட்டிய குழாய் வெடிப்பது இதனால்தான். முதல் பிடியைக் கியர்பாக்ஸிலேயே கட்டினால் குழாய் எஞ்சினோடு சேர்ந்து ஆடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் அது சைலன்சரிலேயே தேங்கும். அதன் அடிப்பகுதியில் 3 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் நீங்களே ஒன்று போடுங்கள்.

வால்குழாயைப் பின்னாலுள்ள சரக்குப் பெட்டிக்கு அடியிலேயே முடிக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அங்கே முடிந்தால் கார்பன் மோனாக்சைடு பழைய கேபினின் ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறும். குழாயின் வாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தாகவேண்டும்.

கடையிலிருந்து வந்ததும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயை வால்குழாய் வாயில் துணிசுற்றிச் செருகுங்கள். எதிர்ப்பக்க வாயை அடைத்து, எல்லாத் தையல்களிலும் சோப்பு நீரைப் பூசுங்கள். நுரை எழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை நன்றாக ஓட்டிச் சூடேறி ஆறியபின் மேனிஃபோல்டு நட்களை ஒருமுறை இறுக்குங்கள். புதிய கேஸ்கெட் அதற்குள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அன்புடன்